பதினாலு பேருக்கு ஒரு ஜெபம்

காலை ஆறே முக்காலுக்கு ஜெபமணியின் போன் அடிக்க வேண்டும். அடித்துவிட்டால் அன்றைக்கு அவளுக்கு உயிர் இருக்கிறது. அடிக்காவிட்டால்? அந்த ‘அடிக்காவிட்டால்’ என்ற ஒரு சொல்லுக்குள்தான் ஆறு மாதமாக அவள் குடியிருந்தாள்.

போனில் பேச்சு பெரிதாக ஒன்றும் இருக்காது. “மேல ஏறிட்டோம். டீ குடிக்கிறோம்” என்பான் அவள் கணவன் பிரேம்சிங். பின்னால் பெண்களின் சிரிப்பு கேட்கும். “மதினியைக் கேட்டேன்னு சொல்லுங்கண்ணே” என்று ராமுத்தாய் கத்துவாள். அரை நிமிடம்கூட இருக்காது. அந்த அரை நிமிடத்துக்காக, ஜீப்பு தெருமுனை திரும்புகிற ஐந்தரை மணியிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்திருப்பாள் ஜெபமணி. சோறு குழைந்துபோன நாட்கள் உண்டு. பால் பொங்கி அடுப்பு அணைந்தது தெரியாமல் இருந்த நாட்களும் உண்டு.

பிரேம்சிங்கின் ஜீப்பில் தினமும் பதினாலு பெண்கள் மலைக்குப் போவார்கள். போடியில் ஏறி, முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி, போடிமெட்டில் ஒரு டீ குடித்து, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் இறங்கிக் காய் எடுப்பார்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்புவார்கள். இருபத்திரண்டு வருடமாக அவன் அந்தப் பாதையில் ஓட்டுகிறான். “பிரேமண்ணன் வண்டின்னா தூங்கிக்கிட்டே போகலாம்” என்று அந்தப் பெண்கள் சொல்வார்கள். சொல்வது மட்டுமில்லை, தூங்கவும் செய்வார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, வாயைத் திறந்து.

அந்தத் தூக்கத்தை நினைத்தால் ஜெபமணிக்குத் தூக்கம் வராது.

ஜெபமணி தேவாரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பெத்துராஜின் ஒரே மகள். வயது நாற்பத்தைந்து. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் வேலை. சாக்கில் கொட்டிய காயிலிருந்து பச்சை நிறம் குன்றாத, பருத்த, வாய் பிளக்காத காயை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். வெளுத்ததும் வெடித்ததும் இன்னொரு பக்கம். பார்க்காமலே விரலால் தடவித் தரம் சொல்லுவாள். மகள் அபிஷா மதுரையில் விடுதியில் தங்கிக் கடைசி வருடம் படிக்கிறாள். குடும்பம் என்று பார்த்தால் இவ்வளவுதான். பாரமில்லாத குடும்பம் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்!

வருடப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் அவர்கள் ஆலயத்தில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். ஒரு தட்டு நிறைய அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். குடும்பத்துக்கு ஒன்று. கண்ணை மூடி ஜெபித்து எடுக்க வேண்டும். கையில் வருகிற வசனம்தான் அந்த வருடம் முழுவதும் அந்தக் குடும்பத்துக்கு ஆண்டவர் கொடுத்த வாக்கு. இந்த வருடம் ஜெபமணிதான் எடுத்தாள். திருப்பிப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆண்டவர் உனக்காகத் தம்முடைய தூதர்களை அனுப்புவார், உன் கால் கல்லில் இடிபடாமல் அவர்கள் உன்னைக் கையில் தாங்குவார்கள் என்று சொல்கிற வசனம்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கு உண்டா? அடுத்த நாளே அதை லேமினேஷன் செய்து ஜீப்பின் முன் கண்ணாடியில் ஓட்டுநர் பக்கமாக ஒட்டினாள்.

சித்திரை மாதம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அவள் அதைப் பார்த்தாள்.

பூப்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பில் இரண்டு பேர் மட்டும். பந்தியில் சாம்பாரில் உப்பில்லை என்று பிரேம்சிங் குறை சொல்லிக்கொண்டே வந்தான். பேச்சு நடுவில் நின்றது. ஏதோ யோசிக்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. ஆனால் அந்தக் கண்ணுக்குள் ஆள் இல்லை. உதடு மட்டும் எதையோ மெல்லுவது போல அசைந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் மரக்கட்டையாக இருந்தன. முன்னால் வளைவு. வண்டி வளையவில்லை. நேராகப் போனது.

“என்னங்க! அபிஷா அப்பா! ஏசுவே!”

கை பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. வண்டி கைப்பிடிச் சுவரில் உராய்ந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம். அடியில் எங்கேயோ, தீப்பெட்டி போல, ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது.

ஒரு நிமிடம் கழித்து அவன் கண்ணுக்குள் ஆள் திரும்பி வந்தது. “ஏன்டி இப்படிக் கத்துற?” என்றான். அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சுவரில் எப்படி உரசினோம் என்று அவளையே கேட்டான்.

“கண் அசந்துட்டேன் போல” என்று முடித்துவிட்டான். ஆனியில் ஒரு நாள் சாப்பிடும்போது வந்தது. கையில் பிசைந்த சோறோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். ஆவணியில் ஒரு நாள் குளியலறை வாசலில். ஒவ்வொரு முறையும் பார்த்தவள் அவள் ஒருத்தி. அவனிடம் கேட்டால் “நீயா எதையாவது கிளப்பாத” என்பான்.

“ஒரு தடவை தேனியில பெரிய டாக்டரைப் பார்த்துட்டு வந்துருவோம்ங்க.”

“பார்த்தா? அவர் சீட்டுல ஒண்ணை எழுதுவாரு. அது ஊரெல்லாம் பரவும். அப்புறம் எவ என் வண்டில ஏறுவா? அபிஷா படிப்பை யாரு முடிக்கிறது, உன் ஏலக்காயா?” அப்புறம் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் கேலியாகச் சொன்னான். “கண்ணாடியில வசனத்தை ஒட்டுனவளே நீதான. ஆண்டவர் சொன்ன வாக்கு மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?”

ஆண்டவர் வாக்கைக் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டு சந்தேகப்பட்டால் அது பாவமில்லையா? அந்தப் பாவத்துக்கே ஏதாவது நடந்துவிட்டால்? டாக்டர் என்ற பேச்சை அதோடு விட்டாள். பயத்தை விட முடியவில்லை.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் விரல். தினமும் பிரேம்சிங் வண்டியைச் சூடேற்றும் நேரத்தில் வேதப்புத்தகத்தை எடுப்பாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறப்பாள். விரலை வைப்பாள். விரல் எந்த வசனத்தில் நிற்கிறதோ அதுதான் இன்றைய பதில். ஆறுதலான வசனம் வந்தால் அவனைப் போகவிடுவாள். யுத்தம், கொள்ளைநோய், புலம்பல் என்று வந்தால் வாசலுக்கு ஓடுவாள். “இன்னைக்கு ஒரு நாள் லீவு போடுங்களேன், மழை வர்ற மாதிரி இருக்கு” என்று கெஞ்சுவாள். “மழைக்குப் பயந்தா மலையில சோலி பார்க்க முடியுமா?” என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவான். அவன் போன பிறகு மறுபடியும் திறப்பாள். மறுபடியும். நல்ல வசனம் ஒன்று அகப்படும் வரைக்கும் திறந்துகொண்டே இருப்பாள். கடையில் சாக்கைக் கொட்டிக்கொண்டு நல்ல காயாகப் பொறுக்குவாளே, அதே விரல்தான். அதே வேலைதான்.

வசனத்துக்குப் பிறகு ஜெபம். பதினாலு பெண்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். ராமுத்தாய், அவள் மருமகள் பொன்னுமணி, இருளம்மாள், செல்லக்கிளி என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி, “காத்துக்கொள்ளும் ஆண்டவரே” என்பாள். இது ராமுத்தாயே கேட்டது. “உங்க சாமிகிட்ட பேசும்போது எங்க பேரையும் ஒரு ஓரமாப் போட்டு வை மதினி. எங்க குலசாமி மலையேறும்போது மூச்சு வாங்குது” என்று சிரித்தாள். தோட்டத்திலிருந்து வரும்போதெல்லாம் ஒரு பொட்டலத்தில் காந்தாரி மிளகாய் கொண்டுவந்து கொடுப்பாள். “எனக்காக நீ முழங்கால் போடுற, உனக்கு நான் மிளகாய்கூடத் தர மாட்டேனா?” என்பாள். வாங்கும்போது ஜெபமணியின் கை எரியும்.

ஐப்பசி பிறந்தது. மலையில் மேகம் இறங்கிவிட்டால் அடுத்த வளைவு தெரியாத மாதம். ஒரு நாள் காலை ஜெபமணி கண்ணை மூடி விரலை வைத்தாள். திறந்து பார்த்தால் வம்ச வரலாறு. இன்னார் இன்னாரைப் பெற்றான், அவன் இன்னாரைப் பெற்றான். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் முதல் பக்கம். போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. வெறும் பெயர்கள். அதற்குள் ஜீப்பு தெருமுனை திரும்பிவிட்டது.

பதிலில்லாமல் ஒரு நாளா! மறுபடி திறந்து பார்க்கவும் பயமாக இருந்தது. அந்தப் பக்கத்திலேயே எங்கேயாவது தனக்கென்று ஒரு சொல் இருக்கும் என்று தேடிக்கொண்டே வாசித்தாள். பெயர்கள் முடிந்து கதை ஆரம்பித்தது. போன் அடித்தது. “மேல ஏறிட்டோம்.” வைத்துவிட்டு மறுபடியும் வாசித்தாள். பிறந்ததிலிருந்து ஆலயத்துக்குப் போகிறவள், ஒரு சுவிசேஷத்தை முதலிலிருந்து வரிசையாக வாசித்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் நாலாம் அதிகாரம். சோதனைக்காரன் ஆண்டவரைத் தேவாலயத்தின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்துகிறான். கீழே குதி என்கிறான். குதித்தால் ஒன்றும் ஆகாது, தூதர்கள் உன்னைக் கையில் தாங்குவார்கள், உன் கால் கல்லில் இடிபடாது என்று...

ஜெபமணி புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

அவள் வசனம். அவள் கையால் எடுத்த வசனம். கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிற வசனம். அது பிசாசின் வாயில் இருக்கிறது!

அன்றைக்குக் கடையில் நல்ல காயையும் வெடித்த காயையும் ஒன்றாகப் போட்டு, முதலாளியிடம் ஏச்சு வாங்கினாள். அப்படியானால் அந்த அட்டையைத் தன் கையில் வைத்தது யார்? ஆண்டவரா, பிசாசா? பட்டப்பகலில், பத்துப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தும், முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல அவளுக்குச் சிலிர்த்தது.

சாயங்காலம் பிரேம்சிங் வருவதற்கு முன்னால் இரண்டு இடத்தையும் எடுத்து வைத்துக்கொண்டாள். அட்டை வசனம் வருகிற சங்கீதத்தில் ஒரு கை. சுவிசேஷத்தில் ஒரு கை. அட்டையில் இருந்தது இரண்டு வரி. சங்கீதத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். தன் வழியே நடந்துபோகிற ஒருவனுக்கு, ஆண்டவரையே அடைக்கலம் என்று ஓடி ஒதுங்குகிற ஒருவனுக்கு, உன் வழியிலெல்லாம் காப்பேன் என்று சொன்ன வாக்கு அது. உச்சியிலே நின்று குதிக்கப்போகிறவனுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. சோதனைக்காரன் ‘உன் வழியிலெல்லாம்’ என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறான். பொறுக்கி எடுத்திருக்கிறான்! வேண்டியதை எடுத்து, வேண்டாததை ஒதுக்கி. அவள் விரல் செய்வதைத்தான் அவனும் செய்திருக்கிறான்.

வசனம் பொய்யில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே நிற்கிறோம் என்பதுதான் கேள்வி. ஆண்டவர் என்ன பதில் சொன்னார் என்று பார்த்தாள். தேவனைச் சோதித்துப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு, குதிக்காமல் நின்றார்.

நாங்கள் குதித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஜெபமணி நினைத்தாள். ஆறு மாதமாக. தினமும் காலையில். பதினாலு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு.

இது தெரிந்த பிறகாவது அவள் எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தெரிவது வேறு, வாயைத் திறப்பது வேறு. புருஷன் பிழைப்பில் மண்ணைப் போடவா? அவன் முகத்தில் எப்படி விழிப்பது? மூன்று நாள் கடந்தது. மூன்று நாளும் ஜீப்பு போனது. மூன்று நாளும் ஆறே முக்கால் வரைக்கும் அவள் செத்துச் செத்துப் பிழைத்தாள். விரல் வைப்பதை விட்டுவிட்டாள். வாசிப்பை மட்டும் விடவில்லை. பயத்தில் வாசித்தாள், ஓடுகிறவள் ஓடுவது போல, ஒரு மூச்சில். நாலாம் நாள் கெத்செமனே தோட்டத்துக்கு வந்தாள். அங்கே ஆண்டவர் தரையில் முகம் குப்புற விழுந்து கிடக்கிறார். சிலுவைச் சாவு வரப்போவது தெரிந்து, இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கட்டும் என்று மூன்று முறை கேட்கிறார். மனம் சாகிற அளவுக்குத் துக்கப்படுகிறது என்று சொல்கிறார்.

“உமக்குமா பயம்?” என்று ஜெபமணி வாய்விட்டுக் கேட்டாள்.

இத்தனை நாளாக அவள் வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: பயத்தை எடுத்துவிடும். பயம் இருக்கிற வரைக்கும் தனக்கு விசுவாசம் இல்லை என்றுதான் நினைத்திருந்தாள். இங்கே இவர் நடுங்குகிறார். பாத்திரம் நீங்கவில்லை. எழுந்து, தம்மைப் பிடிக்க வருகிறவர்களுக்கு எதிரே நடந்து போகிறார்.

பதினாலு பெயர் எழுதிய தாளை எடுத்தாள். பெயர்களை வாசிக்காமல் தாளை மடித்தாள். “ஆண்டவரே, இவங்களைக் காப்பாத்தும்னு உம்மகிட்ட சொல்லிச் சொல்லியே, இவங்ககிட்ட சொல்லாம ஒளிஞ்சிக்கிட்டேன்” என்று அழுதாள். ஜெபம் அதற்குமேல் போகவில்லை. பதில் என்று ஒரு குரலும் கேட்கவில்லை. ஈரத் தரையில் முழங்கால் வலித்தது, அவ்வளவுதான்.

முதலில் புருஷனிடம்தான் போனாள். நியாயம் அதுதானே. சாயங்காலம் அவன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது புத்தகத்தோடு போய் நின்றாள்.

“இதைக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க.”

“கைல கிரீஸு. நீயே சொல்லு.”

சொன்னாள். உச்சியைச் சொன்னாள், குதிக்கச் சொன்னதைச் சொன்னாள். அவன் நிமிர்ந்தான்.

“அப்ப என் வண்டில ஒட்டியிருக்கிறது பிசாசு வசனமா? நல்லாருக்குடி. ஒட்டுனதும் நீ, இப்பப் பேய் ஓட்டுறதும் நீ.”

“வசனம் நல்லதுதாங்க. நம்ம செய்றதுதான் தப்பு. நாளைக்கு வண்டியை எடுக்காதீங்க. தேனிக்குப் போவோம்.”

“சீசன் முடியட்டும்.”

“சீசன் தை வரைக்கும் இருக்குங்க!”

“எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது? நீ பார்த்தேன்ற, நான் பார்க்கலையே!” டயர் லீவரைத் தூக்கித் தூரப் போட்டான். “நாளைக்கு வண்டி போகும். நீ வாயைத் திறந்த, உங்க அப்பா பெத்துராஜ் வீட்டுக்கு நேரா தேவாரம் பஸ்சு ஏறிக்க.”

காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் ஜீப்பை எடுத்துக்கொண்டு பெண்கள் ஏறுகிற முக்குக்குப் போனான். ஜெபமணி செருப்பு மாட்டவும் மறந்து குறுக்குச் சந்து வழியாக ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது பதினாலு பேரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். தூக்குவாளிகள் மடியில் இருந்தன. பொன்னுமணி அதற்குள் தூங்க ஆரம்பித்திருந்தாள்.

ஜீப்பின் முன்னால் போய் நின்றாள். முகப்பு விளக்கில் அவள் கண் கூசியது.

“இறங்குங்க. எல்லாரும் இறங்குங்க.”

உள்ளே சிரிப்பு எழுந்தது. “என்ன மதினி, காலங்காத்தால அண்ணனோட சண்டையா?” என்றாள் ராமுத்தாய். “சண்டைன்னா அவரை இறக்கு, எங்களை ஏன் இறக்குற? வெரசா போகணும், கங்காணி வைவான்.”

“நீங்க கொண்டைக்கு மல்லிப்பூ வாங்கித் தரலையாம்ண்ணே” என்று இருளம்மாள் பின் சீட்டிலிருந்து குரல் கொடுத்தாள்.

“அவருக்கு வலிப்பு மாதிரி வருது.” ஜெபமணியின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டாரு. மலையில, வளைவுல, நான் பக்கத்துல இருக்கும்போதே வந்துச்சு. நான்தான் பிரேக்கை இழுத்தேன். அப்புறமும் ரெண்டு தடவை வந்துருச்சு.”

சிரிப்பு நின்றது. பிரேம்சிங் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் முகம் வெளுத்ததா கறுத்ததா என்று விளக்கு வெளிச்சத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

“பொய்” என்றான். “இவளுக்குப் புத்தி பிசகிடுச்சு. தள்ளுடி.”

வண்டியை முன்னால் நகர்த்தினான். பம்பர் அவள் முழங்காலில் முட்டியது. அவள் நகரவில்லை. நகராததற்குத் தைரியம் காரணமில்லை. கால் அசையவில்லை. இரண்டு கையையும் சூடான பானெட்டின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

முதலில் இறங்கியது ராமுத்தாய்தான். நேராக ஜெபமணியிடம் வந்தாள்.

“எத்தனை நாளா உனக்குத் தெரியும்?”

“சித்திரையில இருந்து.”

“சித்திரை.” ராமுத்தாய் விரலை மடக்கி எண்ணினாள். “ஆறு மாசம். என் மருமக முன் சீட்டுல உக்கார்ந்து போறா. அவ பிள்ளைக்கு ரெண்டு வயசு. ஆறு மாசமா எங்களை ஏத்திவிட்டுட்டு, வீட்டுல உக்கார்ந்து எங்களுக்கு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்திருக்க. அப்படித்தானே?”

“பயந்துட்டேன் ராமுத்தாயி.”

“எங்களுக்கும் பயப்படுறதுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்திருக்கலாம்ல?”

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ராமுத்தாய் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, பொன்னுமணியைத் தட்டி எழுப்பி, அடுத்த ஜீப்பைப் பார்க்க நடந்தாள். ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். யாரும் ஜெபமணியின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் வெற்று ஜீப்பும் அவனும் அவளும் மட்டும் மிஞ்சினார்கள். அவன் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். “கொன்னுட்டியேடி” என்றான்.

அதற்கப்புறம் அன்றைக்கும் அவன் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. அவள் வைத்த சோற்றைத் தொடவில்லை. டீக்கடைக்குக்கூடப் போகவில்லை. நடந்தது ஊரில் பரவியிருந்தது. தான் செய்தது சரிதானா என்று ஜெபமணி புத்தகத்தைத் திறந்து கேட்கவில்லை. விரல் துடித்தது. கையை மடக்கிக்கொண்டாள். விட்ட இடத்திலிருந்து மட்டும் வாசித்தாள். அபிஷாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை அழுதாள். இவளும் அழுதாள். இனி என்ன ஆகும் என்ற பயம், பழைய பயம் இருந்த அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் பதினாலு பேர் அந்தப் பயத்துக்குள் இல்லை. அது ஒன்றுதான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ராமுத்தாய் வந்து வாசலில் நின்றாள்.

“உன்கிட்ட நான் பேச வரல” என்று ஜெபமணியை ஒதுக்கிவிட்டு நேராக உள்ளே போனாள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பிரேம்சிங்கின் தலைமாட்டில் நின்றாள். “அண்ணே, எந்திரிங்க. நான் என்ன உங்களைத் தூக்கிட்டா போகப்போறேன், எந்திரிங்க.”

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

“பதிமூணு வருசமா உங்க வண்டில போயிருக்கேன். பாதிப் பாதை தூங்கிட்டுத்தான் போயிருக்கேன். எந்த வளைவு எப்படி இருக்கும்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது. இப்பப் புது வண்டியில முழிச்சுக்கிட்டே போறேன், இன்னைக்குத்தான் பள்ளத்தைப் பார்த்தேன். நெஞ்சு வாய்க்கு வந்துருச்சுண்ணே.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. நாளைக்கே ஏறுறேன், நான்தான் முன் சீட்டு. இருக்குன்னா அதையும் வாங்கிட்டு வாங்க. எங்க பதினாலு உசிருக்கு அவ்வளவுகூடச் செய்ய மாட்டீங்களா?”

போகும்போதும் ராமுத்தாய் ஜெபமணியைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பிரேம்சிங் தானாகவே சட்டையை மாட்டினான். “கிளம்பு” என்றான் சுவரைப் பார்த்து. தேனி பஸ்சில் ஏறினார்கள். ஜன்னல் பக்கம் அவன், பக்கத்தில் அவள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு விலகி உட்கார்ந்திருந்தான். பஸ்சில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. ஜெபமணி மனசுக்குள் ஆண்டவரிடம் எதையும் கேட்கவில்லை. என்ன கேட்பது என்று தெரியவில்லை. வியாதி இல்லையென்று சொல்லிவிட்டால்? மறுபடி மலையேறிவிடுவானே. இருக்கிறதென்று சொல்லிவிட்டால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளம்தான். “கூட இரும்” என்று மட்டும் சொன்னாள். வெறுமனே, “கூட இரும்.”

தீர்த்தத்தொட்டி தாண்டும்போது, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவன் கை இறுகியது. அவள் திரும்பினாள். கண் திறந்திருந்தது. ஆள் இல்லை. உதடு மெல்ல ஆரம்பித்தது. இந்தத் தடவை அதோடு நிற்கவில்லை. கழுத்து ஒரு பக்கமாக இழுத்தது, உடம்பு விறைத்தது, கால் முன் சீட்டை உதைத்தது.

“யம்மா! என்னாச்சு இவருக்கு?” முன் சீட்டுப் பெண் அலறினாள். யாரோ சாவிக்கொத்தை நீட்டினார்கள். பாட்டு நின்றது. வண்டியை விரட்டச் சொல்லிக் கண்டக்டர் விசில் அடித்தான். ஜெபமணி அவன் தலையைத் தன் மடியில் சாய்த்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, வாய் நுரையை முந்தானையால் துடைத்தாள். “சாவி வேண்டாம், கொஞ்சம் காத்து விடுங்க. இப்பச் சரியாயிரும்” என்று மற்றவர்களுக்குச் சொன்னாள். அவளுக்குள் எல்லாம் கதறிக்கொண்டிருந்தது. கை மட்டும் தன் வேலையைச் செய்தது.

கோடாங்கிபட்டி கடந்த பிறகு அவன் கண்ணுக்குள் ஆள் திரும்பியது. மெதுவாக, எங்கேயோ தொலைவிலிருந்து வருவது போல. தன் மேல் குனிந்திருந்த முகங்களைப் பார்த்தான். முன் சீட்டுப் பெண் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நனைந்த முந்தானையைப் பார்த்தான். நாக்கைக் கடித்திருந்தான், வாயில் ரத்தம் கரித்திருக்க வேண்டும்.

“எவ்வளவு நேரம்?” என்று கேட்டான்.

ஆறு மாதத்தில் முதல் தடவையாகக் கேட்கிறான்.

“மூணு நிமிஷம் இருக்கும்ங்க.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். உதடு அசைந்தது. இது அந்த அசைவு இல்லை. அவன் எண்ணிக்கொண்டிருந்தான். “மூணு நிமிஷத்துல...” என்றான். “மூணு நிமிஷத்துல நாலு வளைவு வந்துரும் ஜெபா.” அதற்கு மேல் முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் மலையை ஏறி இறங்கிய ஆள், பஸ்சு நிறைய ஜனம் பார்க்க, அவள் மடியில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினான். அவள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதலுக்கு ஒரு வசனத்தையும் அவள் தேடவில்லை.

தேனியில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் கைத்தாங்கலாக அவனை இறக்கிவிட்டான். ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை நடுவில் இடம் இல்லை.

“உள்ள போனா எப்ப வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு கேட்பாங்களே” என்றான் பிரேம்சிங். குரல் குழந்தைக் குரல் போல இருந்தது. “எனக்கு ஒண்ணுமே தெரியாதே. நீதானே பார்த்த. நீ சொல்றியா?”

“சொல்றேன்” என்றாள் ஜெபமணி. “சித்திரையில இருந்து எல்லாத்தையும் சொல்றேன்.”

உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.